மடியில் சுமந்து வந்த கடிகாரம்

ஜெயித்துவிட்டுத்தான் திரும்பினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கடைசிவரை ஒளித்துவைப்பார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிரான்சிலிருந்து ஒரு சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரைக்காலுக்குப் போனேன். அது எதற்காகப் போனதோ அது நடந்தது. நடத்தியது மட்டும் கடிகாரமும் இல்லை, நானும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பிரான்சில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு அப்போதுதான் வந்திருந்த புதுச் சாமியார், பிரான்சில் இருக்கும் நம் குடும்பங்களுக்கெல்லாம் ஒரு வேண்டுகோள் அனுப்பியிருந்தார். கோயில் கடிகாரம் இஷ்டத்துக்கு ஓடுகிறது, காலை, மதியம், மாலை என்று அடிக்கும் மூவேளை மணி நேரம் தப்பி அடிக்கிறது, நல்ல கடிகாரம் ஒன்று வேண்டும் என்று. எல்லாரும் சேர்ந்து வாங்கினோம். யார் கொண்டுபோவது என்றபோது எல்லாருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. எனக்கு மட்டும் விடுமுறை இருந்தது. என் தலையில் கட்டினார்கள்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. வரிச்சிக்குடியைத் தாண்டி உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் என் மூத்தார் வீட்டுப் பிள்ளைகள் என்னோடு பேச மாட்டார்கள்.

கடிகாரத்தின் ஊசலைத் தனியாகக் கழற்றி என் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். ஆனால் கிளம்பும் முன் என் வீட்டுக்காரர், ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவியை முழுசாகக் கொடுத்து வைத்திருந்தார். ஊசல் இல்லாத கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சென்னை விமான நிலையத்தில் தெரிந்தது. சுங்க அதிகாரி பெட்டியைத் தொட்டதும் அது அடிக்க ஆரம்பித்தது. வரிசையில் நின்ற ஒருவர் சத்தமாக எண்ணினார். பதினொன்றோடு நின்றது. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. "கோயிலுக்கா? சரி, எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்.

பேருந்திலும் இதே கூத்துதான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு மணி. என் பக்கத்தில் மண்டபத்தூர் மீன்காரம்மா ஒருவர் காலி அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே கோழி ஏதாவது வைத்திருக்கிறேனா என்று முதலில் கேட்டார். கோயில் கடிகாரம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு வழியில் டயர் பஞ்சர் ஆனது. மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, நாங்கள் எல்லாரும் இறங்கிப் பனைமர நிழலில் உட்கார்ந்தோம். பிரான்சில் ரயில் கொஞ்சம் தாமதமானாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் நான், இங்கே வேர்க்கடலை உரித்துக்கொண்டு ஊர்க் கதை பேசினேன்.

மீன்காரம்மாவுக்குக் கடிகாரத்தின் மேல் பெரிய மரியாதை வரவில்லை. அவர்கள் ஊரில் வலை இழுத்து முடிந்தால்தான் பொழுது முடியுமாம். "ஆனா முடிஞ்சா முடிஞ்சதுதாங்க. அதுக்கு மேல பொழுத நீட்ட எவனாலயும் முடியாது" என்றார். அப்போது அதை நான் காதில் சரியாக வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே விவரம் புரிந்திருக்கும்.

காரைக்கால் பேருந்து நிலையத்தில் மூத்தார் மொபெட்டோடு காத்திருந்தார். என் கணவரின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல நஞ்செய் நிலமெல்லாம் அவருடையது, கோயில் நாட்டாமையும் அவர்தான். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஏழைப் பிள்ளைகள் படிப்புக்குக் கொடுப்பார், சாமியார் வீட்டு அடுப்புக்கு அரிசி அனுப்புவார். ஆனால் ஊர் முழுக்கத் தன் பட்டாளம் என்று நினைப்பு. அவர் மொபெட்டில் முன்னால் போக, நான் சைக்கிள் ரிக்‌ஷாவில் கடிகாரத்தோடு பின்னால் போனேன். ஒவ்வொரு முறை அது அடிக்கும்போதும் திரும்பிப் பார்த்து, "திசிப்ளின் இல்லாத கடிகாரம்" என்றார்.

அன்று ராத்திரி ஓரகத்தி அக்கா இறால் தொக்கும் சுடுசோறும் போட்டாள். காலையில் காரைக்கால் ரொட்டிக் கடையிலிருந்து வந்த நீள ரொட்டி. பிரான்சில் அதைத் தினம் தின்கிறேன், ஆனால் மீன்குழம்பில் தோய்த்துத் தின்னும் பாக்கியம் அங்கே கிடையாது. மூன்று துண்டு தின்றேன். நான்காவதையும் தின்றேன்.

வெள்ளிக்கிழமை கடிகாரத்தை மாட்டினோம். பூசை உடுப்புகள் வைக்கும் அறையில், மணிக்கயிறு தொங்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில். ஊசலை மாட்டியதும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டது. டக், டக் என்று ஒழுங்காக நடந்தது. புதுச் சாமியார் கையைத் தட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, கண்ணாடி, சீக்கிரம் முகம் சிவக்கிற மனிதர். மாலை ஆறு மணிக்குப் புதுக் கடிகாரப்படி முதல் மணி அடிக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். நான் காத்திருந்தேன். அவ்வளவு தூரம் சுமந்தவளுக்கு அந்த முதல் மணியைக் கேட்க ஆசை இருக்காதா?

கடிகாரம் ஆறு அடித்தது. தேன் மாதிரி இருந்தது. கோயில்பிள்ளை சவரிமுத்து, கோயில் எடுபிடி வேலைகளும் மணியும் அவர் பொறுப்பு, கயிற்றில் கையை வைத்தார். இழுக்கவில்லை. அடியுங்கள் என்றேன். வாசலைப் பார்த்தார். மறுபடியும் சொன்னேன். "முசே ஆளு இன்னும் வரலீங்களே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நின்றோம். வெளியே வெளிச்சம் குறைந்தது. தூரத்தில் வரிச்சிக்குடிப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் ஒலிபெருக்கியில் மெல்ல வந்து முடிந்தது. கோயிலுக்குள் முகம் தெரியாத இருட்டு வந்த பிறகு, மூத்தாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்து வாசலில் பெல்லை இரண்டு தட்டுத் தட்டினார். சவரிமுத்து கயிற்றை இழுத்தார். மணி கணீரென்று ஊருக்கெல்லாம் கேட்டது. கடிகாரத்தில் ஆறரை.

எனக்கு அப்படியே ரத்தம் கொதித்தது. பழைய கடிகாரம் இஷ்டத்துக்கு ஓடவே இல்லை. மூத்தார்தான் இஷ்டத்துக்கு ஓட்டியிருக்கிறார்.

காரணம் கேட்டால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். அந்த ஊர் வயல்களில் வேலை முடிவது மாலைக் கோயில் மணிக்குத்தான். மணி கேட்டதும் வேதக்கார ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்துச் சிலுவை போட்டு மூவேளைச் செபம் சொல்வார்கள். இந்து ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பிறகு எல்லாரும் கரையேறுவார்கள். மணிக்கு முன் கரையேறுவது வேலைக்கும் துரோகம், சாமிக்கும் துரோகம். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். முசே அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை, மணியைத்தான் மாற்றினார். தை மாதம் அறுப்பு தொடங்கியதும் மணி அரைமணி நேரம் பிந்திவிடும். அறுப்பு முடிந்ததும் பழையபடி ஆறுக்கு வந்துவிடும்.

அந்த அரைமணியில் என்ன போகிறது என்பதைச் சனிக்கிழமை வயலுக்குப் போய்த் தெரிந்துகொண்டேன். அறுப்புக் கூட்டத்தை முன்னின்று நடத்தும் முன்னத்தி அந்தோணியம்மா என்ற நாற்பது வயதுக்காரி. கறுத்த, உயரமான, அதிகம் பேசாத பெண். அவள் பக்கத்திலேயே எப்போதும் தனபாக்கியம். தனபாக்கியம் மாரியம்மன் கோயில்காரி, வாய் ஓயாதவள். இருவரும் வரப்பில் உட்கார்ந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கவளம் கொடுத்தார்கள். எங்கள் தொழிற்சாலை உணவுக்கூடத்து வெந்த உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டே தின்றேன். ஒப்பிடவே கூடாது.

தனபாக்கியம்தான் சொன்னாள். அவர்கள் தெருவுக்கு இருப்பது ஒரே குழாய். சாயங்காலம் திறப்பார்கள், ஆறரைக்கு அடைத்துவிடுவார்கள். ஆறுக்கு மணி அடித்தால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். ஆறரைக்கு அடித்தால் காலிக் குடம். அப்புறம் இருட்டில் பாம்பு ஊரும் வரப்பில் நடந்து பழைய கைப்பம்புக்குப் போய், உப்புத் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்து, அதற்குப் பிறகு உலை வைக்க வேண்டும். பிள்ளைகள் சோறு தின்னாமல் தூங்கிவிடும். அறுப்புக் காலம் முழுக்க இதுதான். "ஊருக்கே சோறு அறுக்குறோம். எங்க வூட்டுப் புள்ளைவொ பசியோட படுக்குது" என்றாள் தனபாக்கியம். வாயாடி என்று நினைத்தேன், அவள் கண் கலங்கியிருந்தது.

நேராகச் சாமியாரிடம் போனேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடிகாரம் புதிதாக வந்துவிட்டால் முசேவுக்குச் சாக்குச் சொல்ல வழி இருக்காது என்று கணக்குப் போட்டிருக்கிறார். முசே சாக்கே சொல்லவில்லை, பாவம். ஏன் நேரில் கேட்கவில்லை என்றேன். சாமியார் முகம் சிவந்தது. ஓட்டை விழுந்த கூரை, அடுப்புக்கு வரும் அரிசி, திருவிழாச் செலவு எல்லாம் அந்த மனிதர் கையில் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். ஆனால் பயத்தை மறைக்காமல் சொன்னாரே, அது எனக்குப் பிடித்தது.

அதோடு அவர் ஒன்று செய்துகொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் கோயில் பக்கத்துக் கொட்டகையில் பாடம் நடத்துவார். மனிதனின் மாண்பு, நீதி, உழைப்பு, அதிகாரம் பற்றித் திருச்சபை என்ன சொல்கிறது என்று. அன்றும் நடந்தது. பெண்கள் காலில் சேறு காயாமல், ஒரு கையில் காலிக் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். மனிதன் கடவுளின் சாயல், ஆகவே எவனும் எவனுக்கும் கருவி இல்லை என்றார். வேலை மனிதனுக்காக இருக்கிறது, மனிதன் வேலைக்காக இல்லை என்றார். ஓய்வு முதலாளி போடும் பிச்சை அல்ல, உரிமை என்றார். அதிகாரம் என்பது எல்லாருடைய நன்மைக்கும் செய்யும் ஊழியம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றார். புத்தகத்தைப் பார்க்காமல், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, நன்றாகவே பேசினார். அந்தோணியம்மா மட்டும் எழுந்து நின்றாள்.

"சாமி, இதெல்லாம் எங்களுக்குமா, பெரிய எடத்துக்கு மட்டுமா?"

"உங்களுக்குத்தாம்மா முதல்ல."

"சரிங்க சாமி" என்று உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அதையே பிரசங்கமாக வைத்தார். மற்றவர் நேரத்தைத் திருடுவதும் திருட்டுதான் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். முதல் வரிசையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்த மூத்தார் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "நல்ல பிரசங்கம். இந்த ஆளுங்க வேலை நேரத்துல வெத்தல போட்டு நேரத்தத் திருடுறாங்கல்ல, சாமியார் சரியாப் புடிச்சிட்டாரு." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் நானே ஆரம்பித்தேன். கல்யாணமான புதிதில் மூத்தார் எதிரில் உட்காரக்கூட மாட்டேன். பிஸ்கட் தொழிற்சாலை அந்தக் கூச்சத்தையெல்லாம் எப்போதோ மாவோடு சேர்த்துப் பிசைந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் ஒரு மேற்பார்வையாளர் சங்கைத் தாமதமாக ஊதவைத்ததையும், நாங்கள் சங்கத்தில் பேசி எந்திரங்களை நிறுத்தியதையும், மறுநாளே அது சரியானதையும் கதைபோலச் சொன்னேன். அவர் கோழித் துண்டைக் கடித்துக்கொண்டே கேட்டார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"அது பாக்டரிம்மா. இது வயலு. இங்க மணி அடிக்குற வரைக்கும் பொழுதுதான்" என்றார். அக்கா எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள், பேச்சு அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை மாலை நான் பெரிய திட்டத்தோடு வயலுக்குப் போனேன். பிரான்சில் செய்ததை இங்கேயும் செய்துவிடலாம் என்று நினைப்பு. என் கைக்கடிகாரம் ஆறு காட்டியதும் நான் கையைத் தூக்குவேன், எல்லாரும் அரிவாளை வைத்துவிடுங்கள் என்று அந்தோணியம்மாவிடம் சொன்னேன். அவள் குனிந்தபடியே அறுத்து, கைப்பிடி அளவு நெல்லை அரியாகப் பரப்பிவிட்டு, நிமிர்ந்தாள்.

"யக்கா, ஒங்க கையில இருக்குற கடிகாரத்த நாங்க கும்புட முடியுமா? மணி இல்லாம கரையேறினா நாங்க வேலை திருடுனவொ ஆயிடுவோம். முசே திருடலாம், நாங்க திருடமாட்டோம்."

சங்கம், போராட்டம் என்று நான் பேசியதெல்லாம் சரி. ஆனால் அவர்களுடைய மானம் அந்த மணியில் இருந்தது. அதை விட்டுவிட்டு வரும் விடுதலை அவர்களுக்கு வேண்டாம். நான் வரப்பில் குந்திக்கொண்டேன். ஆறு கடந்தது. யாரும் நிமிரவில்லை. கீழ்வானம் சாம்பலாகியது. காரியக்காரர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார்.

அப்போது பாங்கு வந்தது. கடல்காற்று அன்று வாகாக அடித்தது, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. தினமும் வருகிறதுதான். தினமும் அதைக் கேட்டுக்கொண்டேதான் அறுத்திருக்கிறார்கள். அன்று தனபாக்கியம் கையை நிறுத்தினாள். "ஏன்டி அந்தோணி, இதுவும் சாமி கூப்புடுறதுதானே?" என்றாள், சும்மா கேட்கிற மாதிரி.

அந்தோணியம்மா நிமிர்ந்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு அரிவாளை நெல்கட்டின் மேல் வைத்தாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, நெற்றியில், மார்பில், இரு தோள்களில் சிலுவை போட்டாள். மூவேளைச் செபத்தைச் சத்தமாகத் தொடங்கினாள். பிறகு அரிவாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. பெண்கள் செபத்துக்குப் பதில் சொன்னார்கள். கட்டுத் தூக்கும் ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்தார்கள். தனபாக்கியம் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. பாங்கும் செபமும் ஒன்றாக அந்த வயலில் கேட்டன. நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன்.

காரியக்காரர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்றார்.

"மணி அடிச்சிருச்சுங்க" என்றாள் அந்தோணியம்மா.

"எங்க அடிச்சுது?"

அவள் பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அங்க."

நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வரவேண்டாம் என்று அவர் குதித்தார். அதைக் கேட்டதும் சிலர் முகம் வாடிப்போனது. அறுப்புதான் அவர்களுக்கு வருஷத்தின் சோறு. ஆனாலும் ஒருவரும் திரும்பி அரிவாளை எடுக்கவில்லை. வரிசையாகக் கரையேறினார்கள். அந்தோணியம்மா போகும்போது சாமியார் வீட்டு வாசலில் நின்று, உங்கள் பாடத்தில் கேட்டதைத்தான் செய்தோம் சாமி, நாளைக்கு முசே வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் அரிவாளோடு வரப்பில் வந்து நின்றுவிட்டார்கள். நெல்மணி முற்றி உதிரத் தொடங்கியிருந்தது, சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரிலும் அறுப்பு. வேறு ஆள் எங்கே கிடைக்கும்? காரியக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, முசே வந்து சொல்லட்டும், அதுவரை அறுங்கள் என்றார். அந்த முசே அப்போது வரிச்சிக்குடிக் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

செய்தி அவருக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டது. டீக்கடையில் ஒரே சிரிப்பாம். முசே வயலில் வேதக்காரங்க பாங்குக்குச் சிலுவை போடுறாங்களாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். மளிகைக்கடை பாய், கிண்டல் ஏதும் இல்லாமல், உண்மையான சந்தோஷத்தோடு இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், நம்ம பாங்கு ஒங்க ஆளுங்களுக்கும் ஒதவுது முசே" என்றாராம். அதுதான் அவரைச் சாய்த்துவிட்டது. ஆள் போனாலும் பொறுப்பார், நெல் போனாலும் பொறுப்பார். தன் கோயில் மணி இரண்டாவதாக வருவதை எந்த நாட்டாமை பொறுப்பான்?

மொபெட் நேராகச் சாமியார் வீட்டுக்கு வந்தது. நான் அங்கேதான் இருந்தேன், சாமியாருக்குத் துணையாக. அவர் காலையிலிருந்து மூன்றாவது காபியில் இருந்தார். மூத்தார் உள்ளே வந்து நாற்காலியில் உட்காரவில்லை.

"நம்ம மணி முந்தணும் சாமி. சாயங்காலம் டாண்ணு ஆறுக்கு அடிக்கணும். பாங்குக்கு முன்னாடி. ஒரு நிமிஷம்கூடப் பிந்தக் கூடாது" என்றார்.

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். சாமியார் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவரும் சிரித்திருப்பார், காரியம் கெட்டிருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அடுத்து அவர் சொன்னதற்குத்தான் நான் இன்றும் அவருக்குத் தலைவணங்குகிறேன். வந்ததை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"சரிங்க. ஆனா இன்னிக்கு மட்டும் இல்ல, அறுப்பு இருந்தாலும் இல்லாட்டியும் ஆறுதான். ஒங்க ஆளு வந்து சைகை காட்ட வேண்டியதில்ல. கோயில்பிள்ளைக்குக் கூலி நெல்லு இனிமே பங்குக் கோயில்லேருந்து போகும், ஒங்க களத்துலேருந்து வேண்டாம். கடிகாரம் ஆறு அடிச்சா, அவரு இல்லேன்னாலும், ஊர்ல யாரு வேணா கயித்த இழுக்கலாம். இது நான் குடுக்குற உத்தரவு." குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை.

மூத்தார் கேட்ட மாதிரியே தெரியவில்லை. பாங்குக்கு முந்துமா முந்தாதா என்பதிலேயே அவர் கவனம் இருந்தது. முந்தும் என்றார் சாமியார். சந்தோஷமாகப் போய்விட்டார்.

அன்று மாலை நானும் அரிவாள் பிடித்தேன். பிஸ்கட் அடுக்கிய கைக்கு அது வசப்படவில்லை. தனபாக்கியம் என் அரியைப் பார்த்து, மாடு மேய்ந்த மாதிரி இருக்கிறது என்றாள். மூத்தார் வெள்ளைக் கோட்டோடு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, கரையில் விறைப்பாக நின்றார். எடுத்த நடையில், அதாவது அறுப்பு வரிசையில், பாதி அறுத்து, பாதி நெல் நின்றுகொண்டிருந்தது. வெயில் இன்னும் நெல் நுனியில் இருந்தது.

மணி அடித்தது. என் மடியில் வந்த கடிகாரம் கோயிலுக்குள் ஆறு அடித்திருக்கும், அது எங்களுக்குக் கேட்கவில்லை. மணிதான் கேட்டது. அரிவாள்கள் ஒன்றாகக் கீழே போயின. செபம் சொன்னார்கள். மூத்தாரும் சிலுவை போட்டுச் சொன்னார், யாரையும்விடச் சத்தமாக. செபம் முடிந்த பிறகுதான் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

"முந்திட்டோம்" என்றார் மூத்தார், முகமெல்லாம் பல்லாக.

"ஆமாங்க முசே. நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள் அந்தோணியம்மா, முகத்தில் ஒரு மடிப்புகூட மாறாமல். "பொழுது முடிஞ்சிருச்சுங்க. நீங்களும் வூட்டுக்குப் போயி ஓய்வெடுங்க."

அவர் அறுக்காமல் நின்ற பாதி நடையைப் பார்த்தார். கரையேறும் ஆட்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நேற்றுவரை இந்த நேரத்தில் அரைமணி அறுப்பு மிச்சம் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் மணி அவருடைய மணி. வாயை மூடிக்கொண்டு மொபெட்டை உதைத்தார். அது இரண்டு தடவை உதைத்த பிறகுதான் கிளம்பியது.

நாங்கள் ஓடினோம். ஓட்டம் என்றால் ஓட்டம். நாற்பது வயதுப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றுக்காலோடு, சிரித்துக்கொண்டு வரப்பில் ஓடியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு மூச்சு வாங்கியது. தெருமுனைக்கு வந்தபோது குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் குடத்தில் அது விழுந்த சத்தத்துக்குத் தெருவே கைதட்டியது. நான் மேலெல்லாம் நெல்சுணை அரிப்போடு, முகம் கழுவலாம் என்று நேராகக் குழாயடிக்குப் போனேன்.

அந்தோணியம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"யக்கா, வரிசையில வாங்க" என்றாள்.

பிரான்சிலிருந்து கடிகாரம் சுமந்து வந்தவள் நான். தனபாக்கியத்துக்குப் பின்னால் போய் நின்றேன். என் முறை வந்தபோதும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.